உங்கள் பிள்ளை

வளர்ந்தவர்களுக்கென்று தமிழில் படிவம் இல்லையாம்.
டொக்டர் ருமைஸா சிறுபிள்ளைகளுடையதை எடுத்து
முதல் பக்கத்தில் ‘உங்கள் பிள்ளை’ என்பதை
நீலப் பேனையால் வெட்டி
மேலே ‘நீங்கள்’ என்று எழுதினார்.
இரண்டாம் பக்கத்திலும் வெட்டினார்.
மூன்றாவதில் கை அலுத்துவிட்டது.
“மிச்சத்தை நீங்களே மாத்தி வாசியுங்கோ.”

நான் மாற்றவில்லை.

உங்கள் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா?
சில நேரம்.
மெஷினில் குனிந்துவிட்டால்
சந்தையே எரிந்தாலும் திரும்பாது.

உங்கள் பிள்ளை தொடங்கிய வேலையை முடிக்கிறதா?
களுவாஞ்சிகுடியில், என் கடை றாக்கையில்
கை வைக்காத சட்டைகள் பதினொன்று.
அதில் ஒன்றுக்கு உரியவள்
வேறு சட்டையோடு கலியாணம் முடித்து
இப்போது மகளின் யூனிஃபோம் தைக்க வருகிறாள்.
என்னிடம்தான் வருகிறாள்.
அது ஏனென்று படிவம் கேட்கவில்லை.

பொருட்களைத் தொலைக்கிறதா?
அடையாள அட்டை மூன்று தரம்.
ஒரு தோடு. அடுத்த வருஷம் அதன் சோடி.
ஒருநாள் டியூஷனில் பெரியவனை.
இருட்டில் ஓடிப் போனேன், கேற்றடியில் குந்தியிருந்தான்.
“தைச்சிக்கிட்டு இருந்திருப்பீங்க எண்டு தெரியும்மா.”
அதை எழுதினேன்.
பிறகு வெட்டினேன்.

வீட்டில் சொல்லவில்லை, பட்டன் வாங்கப் போவதாகத்தான் வந்தேன்.
மனநலப் பிரிவு எங்கே என்று கேட்க வாய் வராமல்
கண் கிளினிக் வரிசையில் அரைமணி நேரம் நின்றேன்.
அதற்கு ஒரு பெட்டி இல்லை படிவத்தில்.

மறுகா அந்தக் கேள்வி.
பன்னிரண்டு வயதுக்கு முன் பிள்ளை எப்படி?
தேர்ச்சி அறிக்கை ஏதும் இருக்கா?

இருந்தது. கொஞ்சம் தொண்ணூறில் வீட்டோடு போனது.
மிச்சம் சுனாமியில், அம்மாவோடு.

டொக்டர் பேனையை மூடினார்.
“அந்த வயசில இங்க இருந்த எல்லாப் பிள்ளைக்கும்
திடுக்கிடல் இருக்கு, கவனம் சிதறல் இருக்கு.
எது யுத்தம், எது நீங்கள் எண்டு பிரிக்க
உங்களை அப்ப தெரிஞ்ச ஒரு ஆள் வேணும்.”

எது யுத்தம், எது நான்.
பிரிக்கத் தெரியாதவளில்லை நான்.
பிளேட் நுனியைத் தையலுக்குள் விட்டு
துணி நோகாமல் உருவுவேன்.
ஆனால் இரண்டும் ஒரே நிற நூல்.

அண்ணனுக்கு எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.
திருக்கோவிலில் யாரோ வீட்டில் மீட்டர் வாசித்துக்கொண்டிருந்தான்,
பின்னால் நாய் குரைத்தது.

“வதனியா? ஷெல்லடிச்சா எல்லாரும் அழுவம், இவளும் அழுவாள்.
அத விடுங்கோ டொக்டர். ஷெல் அடிக்காத நாளைக் கேளுங்கோ.
முகாமில தண்ணிக்கு அனுப்பினா
வாளியக் கிணத்தடியில விட்டுட்டு வெறுங்கையோட வருவாள்.
வந்து, ஆரோ ஒருத்திட சட்டையில
பூ எப்பிடித் தைச்சிருக்கு எண்டு சொல்லுவாள்.
அடி விழும். அடுத்த நாளும் வெறுங்கை.”

நாய் ஓய்ந்தது.

“நான்தான் போய் எடுக்கிற.”

முப்பத்தைந்து வருஷம்
அந்த வாளி எப்படித் திரும்பி வந்தது என்று
நான் யோசித்ததே இல்லை.

டொக்டர் ‘வாளி’ என்று எழுதி அடியில் கோடு போட்டார்.
இன்றைக்கு ஒன்றும் சொல்ல ஏலாதாம்.
மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை.

கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறியபோதுதான்
திகதி எழுதிய கிளினிக் கொப்பி
அவர் மேசையிலேயே கிடப்பது ஞாபகம் வந்தது.
“இப்பதானே அக்கா ஏறினீங்க” என்றான் கண்டக்டர்.
பாலம் முடிய இறங்கினேன். நல்ல வெயில்.

பிள்ளை வாளியை விட்டுவிட்டு வந்திருக்கிறது.
போய் எடுக்க வேண்டும்.